குப்ளாய் கானின் வாசற்படி

அருள்நாயகத்துக்கு ராசா வேடம் ஒன்றும் புதிதல்ல. அந்தோனியார் திருநாளுக்கு, புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் கூத்துப் போடத் தொடங்கிய காலம் தொட்டு, ராசா என்றால் அவர்தான். ஆள் வாட்டசாட்டம். குரல் எடுத்தாரென்றால் மண்டபத்தின் கடைசிக் கதிரையில் தூங்குகிறவரும் எழும்பிவிடுவார். உரோமைச் சக்கரவர்த்தியாக நின்றிருக்கிறார். ஏரோதாக நின்று பச்சைப் பிள்ளைகளை வீரிட்டு அழவைத்திருக்கிறார். கிழமை முழுக்க மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்துக் கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர் வருசத்தில் ஒரு நாள் முடி தரித்தால் யாருக்கு என்ன நட்டம்? ஆனாலும் மங்கோலிய ராசாவாக நிற்கவேண்டி வரும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

எல்லாம் ஜோசப்பின் என்ற பெண் பார்த்த வேலை. அவர் உயர்பள்ளியில் வரலாறு படிப்பிக்கிற ரீச்சர். கோயிலில் கூத்து எழுதுவதும் பழக்குவதும் அவர்தான். "இந்த முறை சீனம்" என்று அவர் சொன்னதும் பங்குச் சுவாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, சீனத்து ராசாவுக்கும் அந்தோனியாருக்கும் என்ன தொடுசல்?"

"குப்ளாய் கானின்ரை தாய் கிறிஸ்தவப் பொம்பிளை, சுவாமி. நான் சொல்லேல்லை, சரித்திரம் சொல்லுது."

சுவாமியார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஜோசப்பினோடு சரித்திரம் கதைத்து வென்றவர் அந்தப் பங்கிலேயே கிடையாது.

கதை இதுதான். சீனத்தைச் சொங் வம்சம் முந்நூறு வருடமாக ஆண்டது. வடக்கிலிருந்து குதிரையேறி வந்த மங்கோலியர் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் விழுங்கினார்கள். கடைசிச் சண்டை கடலில் நடந்தது. இனி வழியில்லை என்றானதும் ஒரு மந்திரி, குழந்தையாக இருந்த அரசனை முதுகில் கட்டிக்கொண்டு கடலில் குதித்தார். நாடு முடிந்தது. குப்ளாய் கான் யுவான் வம்சத்தின் சக்கரவர்த்தியாக முழுச் சீனத்தையும் காலடியில் போட்டுக்கொண்டார். பிடிபட்ட இன்னொரு மந்திரி மட்டும் குனியவில்லை. வென் தியென்சியாங் என்று பெயர். கூத்துப் பாட்டில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு யாரால் ஆட முடியும்? ஜோசப்பின் அவரை 'வெந்தியானார்' ஆக்கிவிட்டார். செபஸ்தியார், அந்தோனியார், வெந்தியானார். கேட்க ஒரு பழைய புனிதர்போலத்தான் இருந்தது.

"வெந்தியானாரை எத்தினை வருசம் சிறையிலை வைச்சும் குப்ளாய்க்குக் கொல்ல மனம் வரேல்லை. தலைமை மந்திரி ஆக்கிறன், வா எண்டு கேக்கிறான். அவர் மாட்டன் எண்டுறார். கடைசியிலை தன்ரை நாடு இருந்த தெற்கைப் பாத்துக் கும்பிட்டுப்போட்டுத் தலையைக் குடுக்கிறார். இதுதான் கூத்து" என்ற ஜோசப்பின், கொப்பியை மூடாமலே சொன்னார்: "குப்ளாய் அருள் அண்ணை. வெந்தியானார் எட்வேட் அண்ணை."

மண்டபம் கப்சிப் என்று ஆனது. மத்தளக்காரர் வேண்டுமென்றே மத்தளத்தை ஒரு தட்டுத் தட்டினார். ஏனென்றால் அருள்நாயகமும் எட்வேட்டும் மூன்று வருடமாக முகம் பார்த்துக் கதைப்பதில்லை என்பது பங்கிலுள்ள நண்டு சிண்டுக்கும் தெரியும். எட்வேட் வேறு யாருமல்ல, அருள்நாயகத்தின் ஒரே தங்கச்சி கிளடிஸின் புருசன்.

கோபம் வந்த விதத்தைச் சொன்னால் வெள்ளைக்காரனுக்கு விளங்காது. மில்லிக்கனில் அருள்நாயகம் புது வீடு வாங்கியபோது குடிபூரலுக்கு ஊருலகத்தையெல்லாம் கூப்பிட்டார். சரியான வின்ரர் குளிர், ஷிப்டுக்கு மேல் ஷிப்ட். வீடு வீடாகப் போக முடியாமல், குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் மாதா படம் ஒன்றைப் போட்டு அதன் கீழே விபரத்தை எழுதிவிட்டார். தூரத்து உறவெல்லாம் வந்தது. தங்கச்சி வரவில்லை. புது அடுப்பைத் தங்கச்சிதான் மூட்டிப் பால் காய்ச்சவேண்டும் என்று அப்போதிருந்த சுவாமியாரையும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு மனிசியைக் கூப்பிட்டு மூட்டுவித்தார்கள். அருள்நாயகம் அன்றைக்குப் பால் குடிக்கவில்லை.

எட்வேட் ஒரு நியாயம் சொன்னார். "ஆக்களோடை ஆளா குறூப்பிலை போட்டுவிட்டால் அது அழைப்போ? கூடப்பிறந்தவளின்ரை வீட்டுக்கு வந்து ஒரு வாய் சொல்ல ஏலாதோ?"

அருள்நாயகமும் ஒரு நியாயம் சொன்னார். "கூடப்பிறந்தவளுக்கு அழைப்பு வேணுமோ? அவள் விருந்தாளியோ, வீட்டுக்காரியோ?"

இரண்டும் நியாயம்தான். அதுதான் கரைச்சல். ஒன்றாவது அநியாயமாக இருந்திருந்தால் ஒரு மாதத்தில் ஆறிப்போயிருக்கும்.

இப்போது அருள்நாயகத்தின் மகள் ஏஞ்சலாவுக்கு ஜூலையில் கலியாணம். இந்த முறை அவர் வட்ஸ்அப்பை நம்பவில்லை. அவரும் மனைவி மெற்றில்டாவும் பிரம்டனிலிருந்து ஏஜாக்ஸ் வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கி, தேத்தண்ணி குடித்து வயிறு ஊதி, கலியாணக் காட் கொடுத்து முடித்துவிட்டார்கள். மல்வேர்னில் இருக்கிற தங்கச்சி வீட்டுக் காட் ஒன்றுமட்டும் கார் டாஷ்போட்டுக்குள் கிடந்தது. அதில் எட்வேட், கிளடிஸ் என்று அருள்நாயகமே தன் கைப்பட எழுதியிருந்தார். எழுதத் தெரிந்த கைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் தெரியவில்லை.

"அப்பா, மாமி இல்லாட்டி எனக்கு ஆர் நெற் குத்துறது?" என்று ஏஞ்சலா கேட்டாள். அந்தக் குடும்பத்தில் மணப்பெண்ணின் தலையில் நெற் என்கிற வெள்ளை வலை முக்காட்டை வைத்து ஊசி குத்துவது தகப்பனோடு பிறந்தவள்தான். சின்ன வயதில் ஏஞ்சலா கோயிலில் முதல் நன்மை வாங்கியபோதும் கிளடிஸ்தான் குத்தினாள். "மாமி வராட்டி நெற்றே வேண்டாம். ஐ மீன் இற், அப்பா."

"நான் போய் நிக்க, அவன் கதவைச் சாத்தினால்?" என்றார் அருள்நாயகம். வீறாப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் பயம். மிசிசாகாவிலிருந்து வீடு வருகிற வழியில் எத்தனையோ நாள் 401 நெடுஞ்சாலையை விட்டு மல்வேர்ன் பக்கம் இறங்கியிருக்கிறார். தங்கச்சி வீட்டுத் தெருமுனை வரைக்கும் போய், பிறகு ஏதோ பால் வாங்க வந்தவர்போலப் பிளாசாவுக்குள் காரைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். அவர்கள் வீட்டில் பாலுக்கு ஒருநாளும் பஞ்சமில்லை.

கூத்துக்கான பழக்கம், அதாவது ஒத்திகை, தொடங்கியது. கூத்து வசனம் தவிர ஒரு வார்த்தை இருவரும் பேசவில்லை. ஆனால் வசனம் பேசினார்களே, அப்பப்பா! "வா மந்திரியே வணங்கிடு வாயே, வையகம் பாதி தருவேனே" என்று அருள்நாயகம் இழுக்க, "தலையினைத் தருவேன் தலைகுனியேனே, தந்தவென் வாக்கினை மாற்றேனே" என்று எட்வேட் திருப்பி அடிக்க, மத்தளக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு பேரும் நடிக்கிறார்கள் என்று சுவாமியார் பாராட்டினார். பாவம், சுவாமியார் பங்குக்குப் புதிது.

ஜோசப்பின் மேடையில் ஒரு வாசற்படியும் வைத்திருந்தார். சிவப்பு மை பூசிய ஒரு மரக்கட்டை. "கானின்ரை வாசற்படியிலை கால் பட்டால் மங்கோலியருக்குப் பெரிய குற்றம். காலை நல்லாத் தூக்கிக் கடந்துதான் உள்ளுக்கை வரவேணும்" என்று சொல்லிவைத்தார். முதல் கிழமை அநேகமாக எல்லோரும் தடக்கி விழுந்தார்கள். அருள்நாயகம் சிங்காசனத்தில் இருந்தபடியே "படி! படி!" என்று கத்துவார். எட்வேட்டின் கால்விரலாவது படியில் படாதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். படவே இல்லை. எட்வேட் அப்படிப்பட்ட ஆள்.

ஒருநாள் பழக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு அருள்நாயகம் ஜோசப்பினிடம் கேட்டார்.

"பிள்ளை, உவன் குப்ளாய்க்கு என்ன விசரோ? முழுச் சீனமும் காலுக்குக் கீழை. பிறகேன் உந்த ஒரு ஆளுக்குப் பின்னாலை திரிஞ்சவன்?"

"முழுச் சீனமும் வந்ததாலைதான், அண்ணை. எல்லாரும் வந்தாப்பிறகு வராத ஆள்தானே கண்ணுக்குத் தெரியும்."

அருள்நாயகத்துக்கு மார்க்கம் வீதியில் புக் பண்ணியிருந்த கலியாண ஹோல் கண்முன் வந்தது. மேசை மேசையாகச் சனம், பூ, விளக்கு, பலகாரம். முன்மேசையில் இரண்டு கதிரை மட்டும் வெறுமை.

"ஆளைச் சங்கிலி போட்டு இழுத்து வந்து குனி, குனி எண்டால் ஆர் குனிவான்?" என்றார் அவர். "தானே ஒருக்கா இறங்கிப் போய்ப் பாத்திருக்கலாம்."

"ராசா இறங்கிப் போவாரே, அண்ணை?" என்று ஜோசப்பின் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அருள்நாயகத்தின் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. போர்க்லிஃப்ட் ஓட்டும்போதும் இறங்கவில்லை. ராசா ஏன் இறங்கிப் போகக்கூடாது? ஒரு யோசனை முளைத்தது. முளைத்ததும் அது உலகத்திலேயே நல்ல யோசனையாகத் தெரிந்தது. மெற்றில்டாவிடம் சொல்லியிருந்தால் அவள் ஒரு நொடியில் கிள்ளிப் போட்டிருப்பாள். அதனால்தான் அவர் சொல்லவில்லை.

திருநாள் வந்தது. பின்னேரப் பூசை முடிந்து சனம் மண்டபத்துக்குள் அள்ளுப்பட்டு வந்தது. ரோல்ஸும் கடலையும் ஒரு பக்கம், பிள்ளைகளின் ஓட்டம் ஒரு பக்கம். கிளடிஸ் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தாள். அண்ணன் வேடத்தோடு மேடைக்கு வந்ததும் கைதட்டக் கையைத் தூக்கியவள், பிறகு மடியில் வைத்துக்கொண்டாள். அருள்நாயகம் அதைக் கண்டார். விருத்தத்தில் அரை அடி தவறிப்போனது.

கூத்து நன்றாகத்தான் போனது. கடலில் குதித்த மந்திரிக்கும் குழந்தை அரசனுக்கும் கிழவிகள் அழுதார்கள். வெந்தியானார் டொலர் கடைச் சங்கிலி குலுங்க, காலைத் தூக்கி வாசற்படியைக் கடந்து வந்து, கான் முன்னால் நிமிர்ந்து நின்றார். அருள்நாயகம் வசனப்படி இரண்டு முறை கேட்டார். எட்வேட் இரண்டு முறையும் மாட்டேன் என்றார். மூன்றாம் முறை கேட்கவேண்டிய இடத்தில் அருள்நாயகம் சிங்காசனத்தை விட்டு எழும்பினார். ஜோசப்பின் திரைக்குப் பக்கத்தில் நின்று 'இருங்கோ, இருங்கோ' என்று கையைக் காட்டினார். ராசா இருக்கவில்லை. இறங்கி வந்து, தன் வாசற்படியைத் தானே கடந்து வெளியே நின்று, எட்வேட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, அதே மெட்டில் எழுதாத பாட்டு ஒன்றைப் பாடினார்.

"ஆயிரம் பேரென் சபையிலிருந்தும்
ஆசனம் ஒன்று வெறுமையிலே
போயின தெல்லாம் போகட்டும் மச்சான்
பொன்மகள் மணத்திற்கு வருவீரே"

மங்கோலியச் சக்கரவர்த்தி சீன மந்திரியை மச்சான் என்றதும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்த கணம் விசயம் விளங்கிவிட்டது. பிள்ளைகள்கூட ஓட்டத்தை நிறுத்தினார்கள். மத்தளம் மட்டும் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. கிளடிஸ் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

எட்வேட் அவரைப் பார்த்தார். கண் கலங்கினமாதிரித்தான் இருந்தது. பிறகு கையை இழுத்துக்கொண்டு, நிமிர்ந்து, பாடினார்.

"தலையினைத் தருவேன் தலைகுனியேனே
தந்தவென் வாக்கினை மாற்றேனே"

மண்டபம் 'ஐயோ' என்றது. அருள்நாயகத்துக்குக் காது அடைத்துவிட்டது. எப்படிச் சிங்காசனத்துக்குத் திரும்பி வந்தார், எப்படிச் சிரச்சேதத்துக்கு ஆணை பாடினார் என்று அவருக்கே தெரியாது. வெந்தியானார் தெற்கைப் பார்த்துக் கும்பிட்டுத் தலை கொடுத்தார். சனம் விம்மி விம்மி அழுதது. யாருக்காக அழுதது என்பது வேறு விசயம்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஜூன் மாதத்துப் பொழுது லேசில் சாயாது. அருள்நாயகம் முடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு விறுவிறு என்று போனார். பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டது.

"மச்சான்."

மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்ட முதல் மச்சான். அருள்நாயகம் நின்றார், திரும்பவில்லை.

"நான் வேறை என்னத்தைப் பாடுறது? வெந்தியானார் வாறன் எண்டு பாடினால் ஜோசப்பின் என்னை உயிரோடை விடுவாவே? கூத்தைக் குழப்பக் கூடாதெல்லோ."

"கூத்து! எனக்குக் கூத்தே பெரிசு?" அருள்நாயகம் வெடித்தார். "எல்லாச் சனத்துக்கும் முன்னாலை இறங்கி வந்து கேட்டனான். இதுக்குமேலை நான் என்ன செய்ய வேணும்?"

"எல்லாச் சனத்துக்கும் முன்னாலைதானே கேட்டனீர்." எட்வேட்டின் குரலில் கோபம் இல்லை. அதுதான் அருள்நாயகத்துக்கு இன்னும் சுட்டது. "அண்டைக்குக் குறூப்பிலை போட்டீர். இண்டைக்கு மேடையிலை போட்டீர். ரெண்டும் ஒண்டுதான் மச்சான். ஊருக்குச் சொன்னனீர், எங்களுக்குச் சொல்லேல்லை. இறங்கி வந்தனீர், ஓம். முடி தலையிலை இருந்ததே."

சொல்லிவிட்டு அவர் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அருள்நாயகம் காருக்குள் ஏறி, கதவைப் படார் என்று சாத்தி, எட்வேட்டையும் அவன் பரம்பரையையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடிந்தபோது முடி இன்னும் மடியில் இருந்தது. தங்கத்தாள் ஒட்டிய காட்போட் முடி. அதைப் பின்சீற்றில் எறிந்தார். எறிந்த பிறகும் எட்வேட் சொன்னது போகவில்லை, ஏனென்றால் அது சரி. அது சரி என்பது அவருக்கு மூன்று வருடமாகவே தெரியும்போலவும் இருந்தது.

மெற்றில்டா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ற்றைப் போட்டாள்.

"கூத்து முடிஞ்சுதோ?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது."

"அப்ப நாளைக்குப் பூசை முடிய மல்வேர்னுக்குப் போவம்."

அவர் சாவியைத் திருகிக் காரை எடுத்தார். மெற்றில்டாவுக்கு அது போதும்.

அடுத்த நாள் அவர் தெருமுனையில் காரைத் திருப்பவில்லை. வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்ற வீடுகளில் தங்கச்சி வீட்டு வாசலில் மட்டும் ரோசாச் செடி பூத்திருந்தது. மெற்றில்டா பக்கத்தில் வர, மணியை அடித்துவிட்டு நின்றபோது அருள்நாயகத்துக்கு நெஞ்சு அடித்த அடியில் மத்தளக்காரர் தோற்றுப்போவார்.

கதவைத் திறந்தது எட்வேட். சாரமும் பழைய ரீசேட்டும். வெந்தியானாருக்குப் பூசிய சிவப்பு காதோரத்தில் இன்னும் போகவில்லை. அருள்நாயகம் வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்த எல்லாம் மறந்து போய்விட்டது. நின்ற இடத்திலேயே கலியாணக் காட்டை நீட்டினார்.

எட்வேட் காட்டைப் பார்த்தார். வாங்கவில்லை.

சரி, போச்சு என்று நினைத்தார் அருள்நாயகம். ஏஞ்சலாவுக்கு என்ன சொல்வது என்றுதான் யோசித்தார். திரும்பிப் போகிற வழியில் சொல்லப் பொய்கூட ஒன்று வாயில் வரவில்லை.

"வாசல்லை வைச்சு ஆரும் காட் வாங்குவினமே, மச்சான்?" என்றார் எட்வேட். "உள்ளுக்கை வாரும்."

அருள்நாயகம் உள்ளே போனார். ஒரு வசந்தகாலம் முழுக்கப் பழகிய பழக்கம் விடுமா? முழங்கால் வயிற்றில் முட்டுகிற அளவுக்குக் காலைத் தூக்கி, எட்வேட் வீட்டு வாசற்படியைத் தொடாமல், குப்ளாய் கானின் கூடாரத்துக்குள் போகிறவர்போலக் கடந்தார். அடுப்பை அணைத்துவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்ற கிளடிஸ் பொக்கென்று சிரித்தாள். சிரித்த வாயாலேயே அழத் தொடங்கினாள்.

"படியிலை படேல்லை. தலை தப்பிச்சுது" என்றார் எட்வேட்.

முன்னறையில் நின்று, மெற்றில்டாவைப் பக்கத்தில் நிறுத்தி, அருள்நாயகம் சொல்லவேண்டியதை முறைப்படி சொன்னார். "கிளடிஸ், எட்வேட், பிள்ளைக்குக் கலியாணம். நீங்கள் ரெண்டுபேரும் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும். அண்டைக்கு நான் வந்து சொல்லேல்லை. அது என்ரை பிழை." பாட்டில்லை, மெட்டில்லை. குரல்கூடச் சரியாக வரவில்லை. இந்த மனிதரா ஏரோதாக நின்றவர் என்று யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

எட்வேட் இரண்டு கையாலும் காட்டை வாங்கினார். வாங்கும்போது தலை கொஞ்சம் குனிந்தது. அருள்நாயகம் அதைக் கண்டும் காணாதவர்போல மறுபக்கம் திரும்பினார். திரும்பிய பக்கத்தில் அலுமாரிக் கதவில் புது சூட் ஒன்று கவர் கழற்றாமல் தொங்கியது.

"உது ஆருக்கு?"

"எனக்குத்தான். போன மாதம் தைச்சது." எட்வேட் தொண்டையைச் செருமினார். "கலியாணத்துக்கு."

"நான் காட்டே தரேல்லையே!"

"தருவீர் எண்டு தெரியும். கொஞ்சம் சுணங்குவீர் எண்டும் தெரியும்."

கிளடிஸ் உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். திறந்து காட்டினாள். முத்துத் தலை வைத்த ஊசிகள், வெள்ளைத் துணியில் வரிசையாகக் குத்தியிருந்தன. "ஏஞ்சலாவுக்குக் கலியாணம் சரி வந்திட்டுதாம் எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கே வாங்கிப்போட்டன், அண்ணை. நெற்றுக்கு."

அருள்நாயகம் அந்த ஊசிகளைப் பார்த்தார். இந்த வீட்டுக் கதவு ஒரு நாளும் சாத்தியிருக்கவில்லை. தெருமுனையில் நின்று பயந்தவர் தான் ஒருவர்தான். முகத்தைப் பொத்திக்கொண்டு, முடியும் சிங்காசனமும் இல்லாமல், தங்கச்சி வீட்டுச் சோபாவில் இருந்து கேவிக் கேவி அழுதார். மெற்றில்டா அவரைத் தேற்றவில்லை. கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தாள். கிளடிஸ் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"தேத்தண்ணி ஆறப்போகுது, குடியும் மச்சான்" என்றார் எட்வேட். "மற்றது, வாற வருசம் நான்தான் ராசா. ஜோசப்பினிட்டை இப்பவே சொல்லிப்போடும்."